பழைய தையல் மெஷினும் நம் பாடப்புத்தகமும்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் பலரும் ரோபோ, மின்சார வாகனம் என்று புதிய தலைப்புகளாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் வீட்டு மூலைகளில் துணி மூடிக் கிடக்கும் கருப்புத் தையல் மெஷின். "இதுல என்னடா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் கரும்பலகையில் கோடு போட்டுப் படிக்கிற மெக்கானிசம் முக்கால்வாசி இதற்குள்ளே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு, பழைய மெஷினைக் கழற்றி, துடைத்து, மறுபடி ஓட வைப்பது எப்படி என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வரலாறு சுருக்கமாக

1830இல் பிரான்ஸ் நாட்டுத் தையற்காரர் பார்தெலமி திமோனியே ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அவருடைய பட்டறையையே அடித்து நொறுக்கினார்கள். 1846இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ், முனையில் துளையுள்ள ஊசியும் ஷட்டிலும் கொண்டு, மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் லாக் ஸ்டிச் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் மெரிட் சிங்கர் வந்தார். சிங்கர் கம்பெனி 1856இலேயே மெஷினைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. இன்று நாம் போன் வாங்குகிற தவணைக்கு அது ஒரு தாத்தா!

இலங்கைக்கு சிங்கர் 1877இல் வந்தது. இந்தியாவிலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பரவிவிட்டது. 1935இல் கல்கத்தாவில் நம் நாட்டுத் தயாரிப்பாக உஷா பிறந்தது. உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சாபின் லூதியானா பெயர் பெற்றது.

இயந்திரங்களைக் கேள்வி கேட்ட காந்தியடிகள்கூட சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1924இல் ஒரு இளைஞர் இதைப் பற்றிக் கேட்டபோது, தன் மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் கண்ட அன்பினால் சிங்கர் இதைச் செய்தார் என்ற பொருளில் பதில் சொன்னார். கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் 1947இல் டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து, திண்டுக்கல் அருகே சின்னாளபட்டியில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

ஒரு மெஷின், ஆறு பாடங்கள்

1. மிதி: கால் மெஷினின் மிதி, கம்பி, பெரிய சக்கரத்தின் கிராங்க், ஸ்டாண்டு நான்கும் சேர்ந்தால் ஃபோர் பார் மெக்கானிசம். இதில் மிதிதான் இயக்குகிறது. ஆகவே ஒரு சுற்றில் இரண்டு டெட் சென்டர் வரும். புதிதாக மிதிப்பவர்களுக்கு மெஷின் பின்பக்கம் ஓடுவதும், பழகியவர்கள் மேல் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டு தட்டித் தொடங்குவதும் இதனால்தான். பெரிய சக்கரம் ஃப்ளைவீலாக இருந்து டெட் சென்டரைத் தாண்ட வைக்கிறது.

2. ஊசிக் கம்பி: சுழற்சி மேலும் கீழுமான நேர்கோட்டு இயக்கமாக மாறுகிறது. இதுவே ஸ்லைடர் கிராங்க்.

3. நூல் இழுக்கும் நெம்புகோல்: பள்ளம் வெட்டிய உருளை கேம், அதில் ஓடும் ஒரு சிறு ரோலர். நூலை எப்போது தளர்த்த வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்தப் பள்ளத்தின் வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

4. துணி தள்ளும் பல்: மேலே எழும், முன்னே தள்ளும், கீழே இறங்கும், பின்னே வரும். இந்த நான்கு அசைவு முறைக்கு ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்றார். இதற்கு விசை தருவது எக்சென்ட்ரிக்.

5. ஷட்டில்: நம் ஊர்க் கருப்பு மெஷின்களில் ஷட்டில் முழுச் சுற்று சுற்றாது, பாதிச் சுற்றுக்குச் சற்று அதிகமாகப் போய்த் திரும்பும். ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2 மி.மீ. மேலேறும்போது நூல் சிறு வளையமாகப் பிரியும். அந்த நேரத்துக்குச் சரியாக ஷட்டில் முனை வளையத்துக்குள் நுழைய வேண்டும். டைமிங் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

6. மேல் சக்கரத்தின் நடுத் திருகு: பாபின் சுற்றும்போது அதைத் தளர்த்துகிறோம், ஊசி நின்றுவிடுகிறது. அதுதான் ஃப்ரிக்‌ஷன் கிளட்ச்.

நமது ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை சாலையில் கார்கள் லாரி லாரியாகப் போகின்றனவே, அந்த வகைக் கார்களின் சீட் உறையைத் தைப்பதும் இதே லாக் ஸ்டிச்தான். மோட்டாரும் வேகமும் மாறின; நூல் பூட்டிக்கொள்ளும் தத்துவம் மாறவில்லை.

வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

சிங்கர் மெஷினின் அடித்தட்டில் வரிசை எண் பொறித்திருக்கும். வெறும் எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1900க்கு முந்தையது. அதன்பின் எண்ணுக்கு முன்னால் எழுத்து வரும். 1910 முதல் வந்த 'ஜி' வரிசை அமெரிக்காவின் எலிசபெத்போர்ட் ஆலை. 'எஃப்' வரிசை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலை. கிளைட்பேங்க் ஆலை 1885இல் திறக்கப்பட்டு 1980இல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, அங்கே வார்த்த மெஷின்கள் உலகம் பூராவும் இன்னும் தைத்துக்கொண்டிருக்கின்றன.

சீரமைக்கும் முறை

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் பள்ளிக்கூடச் செலவு, இப்போது பாலிடெக்னிக் கட்டணம் எல்லாமே எங்க அம்மா தைக்கும் ஜாக்கெட்டிலிருந்து வருகிறது. போன வருஷம் அம்மாவின் பழைய மெஷின் அடியோடு இறுகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத்தான் எடுப்பேன் என்றார்கள். சுங்குவார்சத்திரம் பக்கம் சைக்கிளில் வந்து மெஷின் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர்தான், "தம்பி, இது சாகல, தூங்குது" என்று சொல்லி எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் கற்றதை வரிசையாகத் தருகிறேன்.

அ) கழற்றுமுன் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளை வரிசையாக அட்டையில் குத்தி வையுங்கள். சிங்கரின் மரை அளவுகள் அந்தக் கம்பெனிக்கே உரியவை. தொலைத்துவிட்டால் சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காது.

ஆ) திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துங்கள்.

இ) இறுகிய சக்கரத்தைப் பலம் போட்டுத் திருப்பக் கூடாது. பல மெஷின்களில் காரணம் துரு அல்ல, காய்ந்து பிசினான எண்ணெய். எண்ணெய்த் துளைகளில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். தேவைப்பட்டால் மறுபடி விடுங்கள். எங்க மெஷின் மூன்றாம் நாள்தான் அசைந்தது.

ஈ) மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனா மசகு ஆகாது. வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் விட்டு அதை வெளியேற்ற வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், காய்ந்து இறுகும்.

உ) ஷட்டிலைக் கழற்றி நூல் துணுக்கு, பஞ்சு எல்லாவற்றையும் எடுங்கள். 'பெரிய ரிப்பேர்' என்று வருவதில் பல இந்த ஒரு துணுக்கில் முடியும்.

ஊ) ஊசியின் தட்டையான பக்கம் ஷட்டில் முனையை நோக்க வேண்டும், நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் கோர்க்க வேண்டும். தையல் விட்டுப்போனால் டைமிங்கைத் தொடுமுன் புது ஊசி போட்டுப் பாருங்கள்.

எ) கிளட்ச் வேலை செய்யாவிட்டால் நடுத் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கும் வாஷரை அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள்.

ஏ) தங்க நிறப் பூ வேலையில் ஸ்பிரிட், தின்னர் படக் கூடாது; மேல்பூச்சு கரைந்து சித்திரமே போய்விடும். மெஷின் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். புது பெயின்ட் அடித்தால் பழமை போச்சு.

ஐ) மாற்றிய பழைய பாகத்தை எறியாமல் பையில் போட்டு மெஷினோடு கட்டி வையுங்கள். புதிய உதிரி வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள்.

ஒரு எச்சரிக்கை

பழைய சிங்கர் மெஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒரு வதந்தி உண்டு. 2009இல் சவூதி அரேபியாவில் இதை நம்பி ஜனங்கள் பெரும் பணத்துக்கு மெஷின் வாங்கினார்கள். அப்படி எந்தப் பொருளும் அதில் இல்லை. உள்ளே இருப்பது இரும்பும் எஃகும்தான். கலசத்தில் இரிடியம் என்று நம்ம ஊரில் ஏமாற்றுகிறார்களே, அதே இனம். யாராவது இதற்காக மெஷினை உடைக்கக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

முடிவுரை

லண்டன் பால்ஹாம் பகுதியில் தையல் மெஷின்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. சேகரித்து அழகு பார்ப்பதும் நல்ல காரியமே. ஆனா நம் பக்கத்தில் மெஷின் ஓட வேண்டும். ஓடினால்தான் அடுப்பு எரியும். ஆதரவற்ற பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் தமிழக அரசு இலவசத் தையல் மெஷின் கொடுப்பது அதனால்தான். கொடுத்த மெஷின் நின்றுபோனால் பழுது பார்க்க ஆள் வேண்டாமா?

எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் சர்டிபிகேட் கிடையாது. அவர் கைக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவும் இல்லை. அவருடைய மகன்கள் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு நம்மில் பலரும் அதே கேட்டில்தான் நிற்கப் போகிறோம். அங்கே பழுதான பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டச் சொல்வார்கள். ஏன் பழுதானது என்று கேட்க நேரம் இருக்காது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் வந்து 2014இல் மூடியதை நம் அண்ணன், அக்காமார்கள் பார்த்திருக்கிறார்கள். ஆலை வரும், போகும். ஒரு மெஷினைத் திறந்து அதன் நோயைக் கண்டுபிடிக்கிற அறிவு நம்மோடு வரும்.

ஆகவே நண்பர்களே, வரும் விடுமுறையில் ஆளுக்கு ஒரு பழைய மெஷினை எடுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக்கோடு உட்காருங்கள். அவர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள், பாகத்தை அளந்து படம் போடுங்கள். டிராயிங் போட நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் கையும் நம் நோட்டும் சேர்ந்தால் அடுத்த மலருக்கு இதைவிட நல்ல பாடம் ஒன்று கிடைக்கும்.