கடைசிக் கட்டத்தை முதலில் எழுது

பாப்பா, லேபில் உன்னையும் பிராக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று நேற்று போனில் நீ சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராலேக்குப் படிக்க வந்த முதல் வருடமே மார்ச் ஜுரம் உன்னையும் பிடித்துவிட்டது! கல்லூரிக் கூடைப்பந்தில் அமெரிக்காவே மூன்று வாரம் மூழ்கிக் கிடக்கும் இந்தப் போட்டியை நான் பன்னிரண்டு வருடமாக விடாமல் பார்க்கிறேன். கொரோனாவால் போட்டியே ரத்தான 2020 தவிர, பிராக்கெட் போடாத வருடம் கிடையாது. "எனக்கு ஆட்டமே சரியாகத் தெரியாதே, எதை வைத்து எழுதுவது?" என்று கேட்டாய். அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள். மொத்தம் 68 அணிகள். மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு மாலை பட்டியலை அறிவிப்பார்கள். நான்கு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை வரிசை எண். 1-ஆம் எண் என்றால் அந்தப் பிரிவின் மிகப் பலமான அணி. அது முதல் சுற்றில் 16-ஆம் எண்ணுடன் மோதும், 2-ஆம் எண் 15-உடன், இப்படியே 8-ம் 9-ம் வரை. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், மறு வாய்ப்பு இல்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஒஹாயோவில் உள்ள டேட்டனில் நான்கு ஆட்டம் நடந்து 68 அணி 64 ஆகும். பிராக்கெட் போடும் பெரும்பாலான குழுக்களில் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மீதி 63 ஆட்டங்களின் முடிவைத்தான் நீ முன்கூட்டியே எழுதித் தரவேண்டும், அந்தத் தாள்தான் பிராக்கெட். வியாழன் மதியம் முதல் ஆட்டம் தொடங்கியதும் கதவு மூடிவிடும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

63-ம் சரியாக வரவேண்டும் என்று மட்டும் ஆசைப்படாதே. கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் வரக்கூடிய விதங்கள் சுமார் 92 ஆயிரம் கோடி கோடி. 2019-ல் ஒஹாயோக்காரர் ஒருவர் முதல் 49 ஆட்டங்களையும் சரியாகச் சொன்னார். ஐம்பதாவதில் பர்டூ, டென்னஸியைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்த, அவர் கணக்கு அங்கே நின்றது. நீ ஜெயிக்கவேண்டியது உன் லேபில் இருக்கும் இருபது பேரை. அது முடிகிற காரியம்.

எப்படி முடியும் என்றால், புள்ளி எங்கே இருக்கிறது என்று பார். பெரும்பாலான குழுக்களில் முதல் சுற்றில் ஒரு சரியான விடைக்கு 10 புள்ளி. அடுத்த சுற்றில் 20, பிறகு 40, 80, 160. கடைசி ஒரே ஒரு ஆட்டத்துக்கு 320. கூட்டிப் பார். முதல் சுற்றின் 32 ஆட்டங்களுக்கும் சேர்த்து 320, சாம்பியன் ஒருவரைச் சரியாகச் சொன்னாலும் அதே 320. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இடது ஓரத்தில் முதல் ஆட்டத்திலிருந்து எழுத ஆரம்பித்து, எந்தச் சின்னக் கல்லூரி எந்தப் பெரிய கல்லூரியைக் கவிழ்க்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, நடுவில் வந்து சேரும்போது களைத்துப்போய் சாம்பியனை ஒரு நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். நீ தலைகீழாகச் செய். தாளின் நடுவில் இருக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தை முதலில் எழுது. உனக்கிருக்கும் நேரத்தில் பாதியை அதற்கே கொடு. பிறகு இரண்டு இறுதி அணி, நான்கு அரையிறுதி அணி என்று வெளிப்பக்கமாக வா.

சாம்பியனைத் தேட வெகுதூரம் போகவேண்டாம். 2017 முதல் 2025 வரை நடந்த 8 போட்டிகளில் 7-ஐ ஜெயித்தது 1-ஆம் எண் அணிதான். விலகிய ஒன்று 2023-ல் 4-ஆம் எண்ணாக வந்து கோப்பையைத் தூக்கிய கனெக்டிகட். 64 அணி முறை வந்த 1985-லிருந்து பார்த்தால், மிகக் கீழே இருந்து வந்து ஜெயித்தது 8-ஆம் எண் வில்லனோவா. அதுவும் அந்த 1985-லேயே. அதற்குக் கீழே யாரும் இல்லை. ஆகவே 1-ஆம் எண் நான்கில் ஒன்று. எந்த ஒன்று? இங்கேதான் கென்பாம் என்ற இணையதளத்தின் பட்டியல் உதவும். 100 தடவை பந்து கைக்கு வந்தால் ஓர் அணி எத்தனை புள்ளி எடுக்கிறது, எதிராளிக்கு எத்தனை விடுகிறது என்று, மோதிய அணிகளின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருப்பார்கள். எடுப்பது, தடுப்பது இரண்டிலும் முதல் இருபதுக்குள் இருக்கும் அணியைத்தான் நான் அந்தக் கட்டத்தில் எழுதுவேன். எடுப்பதில் மட்டும் கெட்டிக்கார அணி ஆறு ஆட்டத்தில் ஏதோ ஒரு ராத்திரி கை ஓயும். அன்றைக்குத் தடுப்பும் இல்லையென்றால் கதை முடிந்தது.

ஆனால் நான்கு 1-ஆம் எண்ணையும் அரையிறுதியில் அப்படியே எழுதிவிடாதே. அது நடந்தது இரண்டே முறை, 2008-லும் 2025-லும்.

அடுத்தது, யாரும் அதிகம் சொல்லாத ஒன்று: ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பவர் இல்லாமல் போடும் பந்து) சதவீதம். இதை நான் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன். 2024 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. நம் ஊர் என்.சி. ஸ்டேட், அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டமைப்புப் போட்டியின் அரையிறுதியில் வர்ஜீனியாவோடு ஆடுகிறது. அந்தக் கூட்டமைப்பில் பத்தாவதாக முடித்த அணி. கோப்பையை ஜெயித்தால்தான் பெரிய போட்டிக்குள் நுழைய முடியும். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மாமா தூங்கிவிட்டார், டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நான் மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். சில விநாடிகள்தான் மீதி, வர்ஜீனியா 3 புள்ளி முன்னிலை. அவர்கள் பையன் கோட்டில் நின்று ஃப்ரீ த்ரோ போடுகிறான். போயிருந்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. போகவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நம் மைக்கேல் ஓ'கானல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார், விளக்கு எரிகிறது, பந்து பலகையில் பட்டு உள்ளே விழுகிறது. பக்கத்து அபார்ட்மென்ட்டில் போட்ட கூச்சல் சுவர் தாண்டிக் கேட்டது. மாமா எழுந்து வந்து "என்ன ஆச்சு?" என்றார். கூடுதல் நேரத்தில் ஜெயித்து, மறுநாள் நார்த் கரோலினாவையும் வீழ்த்தி, ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பையோடு வந்தார்கள்.

ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ, பாப்பா. 2008 இறுதியிலும் இதே கதைதான். மெம்ஃபிஸ் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மீதியிருந்தபோது 9 புள்ளி முன்னிலையில் இருந்து, ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டு, கான்சஸின் மாரியோ சால்மர்ஸ் போட்ட த்ரீ பாயின்ட்டரால் சமநிலைக்கு இழுக்கப்பட்டு, கூடுதல் நேரத்தில் கோப்பையைப் பறிகொடுத்தது. நெருக்கமான ஆட்டம் என்று உனக்குத் தோன்றும் இடங்களில் எல்லாம் யார் நூற்றுக்கு எத்தனை ஃப்ரீ த்ரோ போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுது.

2024-ல் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், நீ செய்யக்கூடாது என்பதற்காக. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஆடியவர்களுக்குக் கால் ஓய்ந்திருக்கும் என்று நினைத்து, முதல் சுற்றில் 11-ஆம் எண் என்.சி. ஸ்டேட்டுக்கு எதிராக டெக்ஸஸ் டெக்கை எழுதினேன். என்.சி. ஸ்டேட் அதை 80–67 என்று ஜெயித்தது. பிறகு ஓக்லண்ட், மார்க்கெட், கடைசியில் 76–64 என்று டியூக். டியூக்குக்கு எதிராக டி.ஜே. பர்ன்ஸ் 29 புள்ளி. அந்தப் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாகத் தோளால் இடித்து இடித்து நகர்ந்து, திடீரென்று திரும்பி இடது கையால் பூப்போலப் பந்தை விடுவார். பார்க்கப் பார்க்க அலுக்காது. அரையிறுதியில்தான் பர்டூ அவர்களை நிறுத்தியது. 2011-ல் கெம்பா வாக்கரின் கனெக்டிகட்டும் ஐந்து நாளில் ஐந்து ஜெயித்துத்தான் உள்ளே வந்தது. அவர்கள் சாம்பியனே ஆனார்கள். களைப்பை நான் அளவுக்கு மீறிக் கணக்குப் போட்டுவிட்டேன். அந்த ஐந்து நாளில் ஓர் அணிக்கு வரும் நம்பிக்கையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி முதல் சுற்று. எல்லாருக்கும் பிடித்தது பெரிய அணி கவிழ்வதுதான், எனக்கும்தான். ஆனால் எண்ணைப் பார். 1985 முதல் 2025 வரை 1-க்கும் 16-க்கும் நடந்த 160 ஆட்டங்களில் 16 ஜெயித்தது இரண்டே: 2018-ல் வர்ஜீனியாவை யு.எம்.பி.சி. 74–54 என்று துவைத்தது, 2023-ல் பர்டூவை ஃபேர்லி டிக்கின்ஸன் 63–58. நான்கு கட்டத்திலும் 1-ஐ எழுதிவிட்டுப் போ. 15-ஆம் எண் அதே 160-ல் 11 முறை ஜெயித்திருக்கிறது. 2022-ல் கென்டக்கியைச் சாய்த்த செயின்ட் பீட்டர்ஸ் கடைசி எட்டு வரைக்கும் போனது. இருந்தாலும் எது என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம். 8-க்கும் 9-க்கும் நடக்கும் ஆட்டத்தில் மூளையைச் செலவழிக்காதே. பூவா தலையா மாதிரிதான், எதையாவது எழுது.

5-க்கும் 12-க்கும் நடக்கும் நான்கு ஆட்டங்களில்தான் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். பெரும்பாலான வருடங்களில் 12-ஆம் எண் ஒன்றாவது ஜெயிக்கும். 2024-ல் ஜேம்ஸ் மாடிசன், கிராண்ட் கேன்யன். 2025-ல் மெக்நீஸ், கொலராடோ ஸ்டேட். ஒன்றும் ஜெயிக்காத வருடங்களும் உண்டு. நான் கவனித்த ஒரு விசித்திரம், 2018, 2023 இரண்டிலும் 12-கள் நான்கும் தோற்றன. 16-ஆம் எண் ஜெயித்த வருடங்களும் அவையே. எந்த 12 என்று தேட மூன்று விஷயம் போதும்: நான்கு, ஐந்து வருடம் கல்லூரியில் ஆடிய மூத்த பையன்கள் இருக்கிறார்களா, பந்தைக் கொண்டுவரும் கார்டு அதை அடிக்கடி பறிகொடுக்கிறாரா, த்ரீ பாயின்ட்டர் தாராளமாகப் போடுகிறார்களா. 2024-ல் 14-ஆம் எண் ஓக்லண்ட் கென்டக்கியைத் தோற்கடித்த அன்று, ஜாக் கோல்கி ஒருவரே பத்து த்ரீ பாயின்ட்டர் போட்டார். இப்படி ஒன்றிரண்டு அதிர்ச்சியை எழுதலாம். ஆனால் அவர்களை அடுத்த சுற்றிலேயே நிறுத்திவிடு, நீளமாகக் கொண்டுபோகாதே. புதன் இரவு ஒருமுறை காயம்பட்டவர்கள் பட்டியலையும் பார்த்துவிடு. முக்கியமான ஒருவர் இல்லையென்றால் மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும்.

உன் லேபைப் பற்றியும் யோசி. நாம் இருப்பது டியூக், நார்த் கரோலினா, என்.சி. ஸ்டேட் மூன்றும் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் இடம். இருபது பேரில் எட்டுப் பேர் டியூக்கைச் சாம்பியன் என்று எழுதுவார்கள். டியூக் ஜெயித்தால் அந்த எட்டுப் பேரோடும் நீ மீதி எல்லாக் கட்டத்திலும் போட்டிபோடவேண்டும். அதே பலமுள்ள வேறு ஊர் அணியை நீ எழுதி அது ஜெயித்தால், ஒரே நாளில் எல்லாரையும் தாண்டிவிடுவாய். பேராசிரியருக்குப் பிடித்த அணி, தோழி படித்த கல்லூரி என்றெல்லாம் பார்க்காதே. மனசுக்குப் பிடித்த அணிக்கு டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொள், கட்டத்தில் எழுதாதே.

பெண்கள் போட்டிக்கும் தனியாக ஒரு தாள் போடு. 2024 இறுதியில் கெய்ட்லின் கிளார்க்கின் ஐயோவாவும் சவுத் கரோலினாவும் ஆடிய ஆட்டத்தை, ஆண்கள் இறுதியைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். அங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: ஒவ்வொரு பிரிவிலும் முதல் நான்கு எண் அணிகள் முதல் இரண்டு சுற்றைச் சொந்த மைதானத்திலேயே ஆடும். அதனால் அதிர்ச்சிகள் குறைவு. முதல் இரண்டு சுற்றில் பெரும்பாலும் மேல் எண்ணையே எழுதி, உன் துணிச்சலைக் கடைசி எட்டுக்கு வைத்துக்கொள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. லேபில் ஐந்து டாலர் போடச் சொன்னால் போடு. செல்போனில் பந்தயம் கட்டுவது இந்த மாநிலத்தில் 2024 மார்ச்சிலிருந்து சட்டப்படி ஆகிவிட்டது, உன் வயதுப் பசங்க நிறையப் பேர் அதில் விழுகிறார்கள். அந்த ஆப்பை நீ இறக்கவே இறக்காதே. உன் ஸ்டைபண்டில் வாடகை போக மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

சமநிலை வந்தால் பிரிப்பதற்கு இறுதி ஆட்டத்தின் மொத்தப் புள்ளியைக் கேட்பார்கள். பலர் கைக்கு வந்த எண்ணைப் போடுவார்கள். 2023-லும் 2024-லும் 135, 2025-ல் ஃப்ளோரிடா ஹூஸ்டனை 65–63 என்று ஜெயித்தபோது 128. கூடுதல் நேரம் போன 2019-ல் 162. நான் 138 போடுவேன்.

பட்டியல் வரும் முன்பே எண்ணை மட்டும் வைத்து என் கணிப்பையும் எழுதி வைத்துவிடுகிறேன், அப்புறம் நீயே சரிபார். 1-ஆம் எண் நான்கும் முதல் சுற்றைத் தாண்டும். 12-ஆம் எண்ணில் இரண்டு ஜெயிக்கும். அரையிறுதிக்கு 1-ஆம் எண் இரண்டு, ஒரு 2-ஆம் எண், நாலுக்குக் கீழே இருந்து ஒன்று. கோப்பை 1-ஆம் எண்ணுக்கு.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பட்டியல் வந்துவிடும், ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடு. தாள் நாலு அச்சடித்து வைக்கிறேன், ஆளுக்கு ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. பேனா வேண்டாம், பென்சிலும் நல்ல ரப்பரும் எடுத்து வா. புதன் ராத்திரி வரைக்கும் அழித்து அழித்து எழுதவேண்டியிருக்கும்.