தாரும் சரளையும் ஏரிக்கரையும்: ஆல்ரோடு சைக்கிள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

தார், சரளை, செம்மண், ஏரிக்கரை என்று எந்தத் தரை வந்தாலும் பெரும்பாலும் இறங்கித் தள்ளாமல் மிதித்துப் போகக்கூடியது ஆல்ரோடு சைக்கிள். பந்தய சைக்கிளின் ஓட்டமும் மலை சைக்கிளின் டயர் அகலமும் இதில் சேர்கின்றன. நகரத்தில் இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தில் இது அன்றாடத் தேவை. ஊரகச் சாலையில் ஒருவழித் தார்ப்பரப்பு வழக்கமாக 3.75 மீட்டர் அகலம். நடுவில் வருகிற பேருந்து அதில் இரண்டரை மீட்டரை எடுத்துக்கொண்டால் பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஹேண்டில்பாரின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு. ஆகவே மானாம்பதிப் பக்கமோ சாலவாக்கம் பக்கமோ போகிறவர் எதிரே பேருந்தோ ஜல்லி லாரியோ வரும்போதெல்லாம் ஓரத்துக் கிராவலில் இறங்கி மறுபடி தாரில் ஏறியாக வேண்டும். இத்துடன் ஏரிக்கரைகளும் உண்டு. ஏரியைப் பராமரிக்கத் தனி வாரியம் இருந்ததை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டுகள் (919, 921) சொல்கின்றன. இன்றும் ஏரிக்கரை பல ஊர்களுக்குக் குறுக்குவழி. இத்தனை தரைக்கும் பொருந்த ஒரு சைக்கிளை அமைப்பதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது டயர். சட்டம், ஃபோர்க், பிரேக் எல்லாம் அந்த டயருக்கு இடம் கொடுக்கின்றனவா என்று அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை. பரவலான நம்பிக்கைகள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

"டயர் ஒல்லியா இருக்கணும், காத்து கல்லு மாதிரி இருக்கணும், அப்பதான் வண்டி பறக்கும்"

இருப்பவற்றில் மிக அதிகமாகப் பணத்தையும் உடம்பையும் வீணாக்குவது இந்த நம்பிக்கைதான். டயர் தரையில் படும் பரப்பை அதன்மேல் இருக்கும் எடையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் தீர்மானிக்கின்றன. ஒரே எடை, ஒரே அழுத்தம் என்றால் ஒல்லி டயருக்கும் அகல டயருக்கும் அந்தப் பரப்பு ஏறக்குறைய சமம். ஒல்லி டயரில் அது நீளமாக இருக்கும். அகல டயரில் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். நீளமாகப் படியும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்குகிறது. மடங்கும் ரப்பர் ஆற்றலை வெப்பமாக்கித் தொலைக்கிறது. அதாவது சமமான அழுத்தத்தில் அகல டயரே இலகுவாக உருளும்.

கரடான தரையில் வேறொரு இழப்பும் சேர்கிறது. கல்லாக அடித்த டயர் ஜல்லியின் மேல் அமுங்குவதில்லை, துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலும் ஓட்டுபவரின் உடம்பைத் தூக்கிப் போடுகிறது. அப்படி உடம்பின் சதை குலுங்கிக் கரைக்கும் ஆற்றல் முழுவதும் காலால் மிதித்துத் தந்த ஆற்றல்தான். கை மரத்துப்போவதும் இடுப்பு வலிப்பதும் அந்த இழப்பின் வெளி அடையாளங்கள். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்று டயரைக் கொண்டுவந்தபோது பந்தயக்காரர்கள் கெட்டி ரப்பரைக் கைவிட்டதற்குக் காரணம் இதுவே. கற்பாளச் சாலைகளுக்குப் பெயர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தில் இன்று 30 மி.மீ.க்கும் அகலமான டயர்கள் ஓடுகின்றன. சாதாரணச் சாலைப் பந்தயங்களிலும் பழைய 23 மி.மீ. டயர் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சாலைகளுக்கு 38 முதல் 48 மி.மீ. வரையிலான டயர் பொருந்தும். 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் முன்னால் 30–35, பின்னால் 35–40 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். பின்சக்கரம் அதிக எடையைத் தாங்குவதால் அங்கே கொஞ்சம் கூடுதல் காற்று தேவை. கேரியரில் மூட்டை ஏற்றினால் இன்னும் கூட்ட வேண்டும். குழியில் விழும்போது ரிம் தரையைத் தட்டினாலோ, ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழுந்தாலோ காற்று போதவில்லை என்று அறியலாம். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஊர் சைக்கிள்களில் இருக்கும் வால்வு ட்யூப் வைத்த பழைய டன்லப் வால்வில் அழுத்தமானியால் நேராக அளக்க முடியாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதே அங்கே வழக்கம். அந்தக் கட்டைவிரல் 40-க்கும் 60-க்கும் வித்தியாசம் சொல்லாது. மோட்டார் சைக்கிள் வால்வு போட்ட ட்யூபுக்கு மாறினால் பெட்ரோல் பங்கிலேயே அளந்து அடிக்கலாம். அங்கே காற்று மளமளவென ஏறும் என்பதால் விட்டு விட்டு அடிப்பது நல்லது.

"28 இஞ்சுன்னா 28 இஞ்சுதான், எந்த டயரும் பொருந்தும்"

பொருந்தாது. ஊரில் ஓடும் பெரிய கருப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ. புதிய சைக்கிள்களில் 700சி என்று எழுதியிருப்பதையும் சிலர் 28 இஞ்ச் என்பார்கள். அதன் அளவு 622 மி.மீ. பதின்மூன்று மி.மீ. வித்தியாசத்தில் டயர் ஏறவே ஏறாது, அல்லது கழன்று விழும். மாறாக, 29 இஞ்ச் மலை சைக்கிளின் ரிம்மும் 700சி ரிம்மும் ஒரே 622, 27.5 இஞ்சும் 650பியும் ஒரே 584. 26 இஞ்ச் மலை சைக்கிள் 559. டயரின் பக்கவாட்டில் 40-622 என்பதுபோல அச்சடித்திருக்கும் இரண்டு எண்களையே நம்ப வேண்டும்: முதலாவது அகலம், இரண்டாவது ரிம் அளவு.

இந்தக் கணக்கில் ஒரு வசதியும் இருக்கிறது. 700சி ரிம்மில் 28 மி.மீ. டயர் போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 678 மி.மீ.; 650பி ரிம்மில் 47 மி.மீ. டயர் போட்டாலும் அதே 678. டிஸ்க் பிரேக் இருந்து, ஃபோர்க்கிலும் பின்கவட்டிலும் அகலத்துக்கு இடம் இருந்தால், பெடலின் உயரமும் வண்டியின் போக்கும் மாறாமல் சிறிய ரிம்முக்கும் பெரிய டயருக்கும் மாறிக்கொள்ளலாம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் இது எளிதில் நடக்காது, கட்டை பழைய ரிம்மின் உயரத்திலேயே நின்றுவிடும்.

"மண் ரோட்டுக்கு ஷாக் அப்சார்பர் இல்லாம முடியாது"

விலை குறைந்த மலை சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பெரிய பள்ளத்தில் அது அமுங்கும். ஆனால் உடைந்த தார், ஜல்லி, காய்ந்துபோன டிராக்டர் தடம் தருகிற இடைவிடாத சின்ன அதிர்வுகளை உராய்வு மிகுந்த அந்த ஃபோர்க் பெரும்பாலும் அப்படியே கைக்குக் கடத்திவிடுகிறது. அந்த அதிர்வை வாங்குவது அகல டயரின் வேலை. செம்மண் தூசி சீலுக்குள் போனபின் ஃபோர்க் இறுகிப்போவதும் வழக்கம்.

பழைய மலை சைக்கிளிலிருந்து ஸ்பிரிங் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டுக் கெட்டி ஃபோர்க் போடுவது நல்ல வழி. அதற்கு நீளம் பார்க்க வேண்டும். புதிய ஃபோர்க் 20 மி.மீ. குட்டையாக இருந்தால் முன்குழாய் ஏறக்குறைய ஒரு பாகை நிமிர்ந்துவிடும். அதற்கும் மேலே போனால் சரளையில் ஹேண்டில் அலையும்.

"பட்டன் டயர்தான் பிடிக்கும், வழவழப்பான டயர் மழையில வழுக்கும்"

பட்டன்கள் மெத்தென்ற மண்ணில் ஊன்றுவதற்கானவை. தாரில் அவை வளைந்து நெளிந்து வேகத்தைத் தின்கின்றன, திருப்பத்தில் தரையில் படும் ரப்பரையும் குறைக்கின்றன. நீர்ப்படலத்தின் மேல் மிதந்து வழுக்கும் ஆபத்து காருக்கு உண்டு. சைக்கிள் டயரின் குறுகலான வளைந்த வடிவம் நீரை விலக்கிவிடுவதால் 40 பி.எஸ்.ஐ.யில்கூட அப்படி மிதக்க மணிக்கு 100 கி.மீ. அளவு வேகம் வேண்டும். ஈரச் சாலையில் சைக்கிளை வழுக்க வைப்பவை எண்ணெய்ப் படலம், சாணம், சாலையில் காயவைத்த நெல், வெள்ளைக் கோட்டுப் பெயின்ட் ஆகியவை. இவற்றின்மேல் பட்டனும் உதவாது.

நடுவில் வழவழப்பும் ஓரத்தில் சிறு பட்டன்களும் உள்ள டயர் இந்த வட்டாரத்துக்குப் போதும். இரண்டு இடங்களில் எந்த டயரும் தோற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி உள்வாயின் களிமண் எல்லா டயரிலும் அப்பிக்கொள்ளும். பாலாறும் செய்யாறும் கூடும் திருமுக்கூடல் பக்கத்து ஆற்று மணலில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். களிமண்ணுக்காகச் செய்யக்கூடியது, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விடுவது. அது இல்லையென்றால் மண் அடைத்துச் சக்கரமே நின்றுவிடும்.

"கியர் கூடக் கூட வண்டி நல்ல வண்டி"

முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆக 21 கியர் என்பது விளம்பரக் கணக்கு. அவற்றில் பல ஒன்றின் வேலையை இன்னொன்றும் செய்யும் இரட்டைகள். பார்க்க வேண்டியது மிகக் குறைந்த கியரும் மிகக் கூடிய கியரும் எவை என்பது. முன்னால் 38 பல், பின்னால் 11 முதல் 34 பல் என்று வைத்தால், நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும்போது சுமார் 11 கி.மீ. வேகத்திலிருந்து 35 கி.மீ. வேகம் வரை கிடைக்கும். சமவெளியான இந்த வட்டாரத்தில் கரை ஏறவும், ஆடிக் காற்றை எதிர்த்து மிதிக்கவும், சுமை கொண்டுபோகவும் அது தாராளம். முன்பக்கக் கியர் மாற்றி இல்லாததால் சேறு அடைக்கும் இடமும் ஒன்று குறைகிறது.

"சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பாவ வேண்டும்"

பயத்தில் பிறந்த இந்த வழக்கம் முழங்காலைக் கெடுக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே தள்ளினால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றுவதே முறை. பள்ளி மாணவிகள் பலர் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, முழங்கால் மார்பை இடிக்க மிதிப்பதைத் தினமும் காணலாம். ஒரு ஸ்பானர் வேலையில் அவர்களுடைய பயணத்தின் சுமை வெகுவாகக் குறையும். கலப்புத் தரைக்கு ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்கோ சற்று மேலாகவோ இருந்தால் எடை கையில் இறங்காது, தார் விளிம்பில் ஏறி இறங்கும்போது முன்சக்கரத்தைத் தூக்குவதும் எளிது.

"ட்யூப்லெஸ் போட்டால் பஞ்சர் பயம் போச்சு"

பாதி உண்மை. நெருஞ்சி முள்ளின் ஓட்டையை டயருக்குள் ஊற்றிய சீலன்ட் பால் உடனே அடைத்துவிடும். கரையோரங்களில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேல முள் வேறு வகை. அது நீளமாகவும் உறுதியாகவும் இருப்பதால் டயரைத் துளைத்து ரிம் நாடாவையும் குத்தக்கூடும். அந்தப் பாலும் இந்த வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும். மறுபடி ஊற்ற வேண்டும். ட்யூப், ஒட்டுப்போடும் சொல்யூஷன், டயர் நெம்புகோல், சிறிய பம்ப் ஆகியவை எப்படியும் கூடவே வர வேண்டும். ட்யூபோடு ஓட்டுகிறவர் டயருக்குள் லைனர் பட்டை வைப்பதும், வெட்டிய முள் கிடக்கும் பாதையைத் தாண்டியதும் நின்று டயரைத் தடவிப் பார்ப்பதும் கைகண்ட வழிகள். ஏறிய முள் உடனே ட்யூபைத் தொடுவதில்லை, பல சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது.

"சித்திரை வெயிலில் டயர் வெடிக்கும், காற்றைக் குறை"

வெயிலில் நிறுத்திய டயர் 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினாலும், 40 பி.எஸ்.ஐ. 45 ஆகும், அவ்வளவுதான். நல்ல டயர் அதைத் தாங்கும். வெடிப்பது பெரும்பாலும் பூட்டும்போது ட்யூப் விளிம்பில் மாட்டிக்கொண்டதாலோ, வெயிலில் பக்கவாட்டில் விரிசல் விட்ட பழைய டயராலோ.

"இதெல்லாம் வெளிநாட்டு வண்டியில்தான் நடக்கும்"

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் செய்த கருப்பு சைக்கிளே தன் காலத்து ஆல்ரோடு சைக்கிள். 40 மி.மீ. டயர், சுமார் 68 பாகை சாய்ந்த முன்குழாய், நீண்ட அச்சிடைத் தூரம் ஆகியவை அதை வரப்போரத்திலும் நிலையாக ஓட வைத்தன. அதன் குறைகள் எடையும் பிரேக்கும். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிடிப்பதே இல்லை. அலுமினிய ரிம்மோ டிரம் பிரேக்கோ போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

புதிதாகச் சட்டம் தேடுபவருக்கு எஃகுக் குழாய்ச் சட்டமே இந்தப் பகுதிக்கு ஏற்றது. காரணம் அது மெத்தென்று ஓடும் என்பதன்று, அந்த மென்மை முக்கியமாக டயரிலிருந்து வருவது. எஃகுச் சட்டத்தை ஊரிலேயே பித்தளைப் பற்றவைப்பு தெரிந்தவரிடம் சரிசெய்துகொள்ளலாம். அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடம் வலு இழக்கும். வலுவை மீட்க வெப்பப் பதம் கொடுக்கும் உலை வேண்டும்.

"ஆயில் நிறைய விட்டா செயின் நிறைய நாள் வரும்"

வழியவழிய விட்ட இன்ஜின் ஆயில் செம்மண்ணைப் பிடித்துவைத்து அரைக்கும் பசையாகிறது. எண்ணெய் செயினின் உருளைகளுக்கு உள்ளேதான் வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, சில சுற்று மிதித்து, வெளியே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். புதிய செயினில் 12 இஞ்ச் இருக்கும் 24 கண்ணிகள் 12¹⁄₁₆ இஞ்ச் நீண்டுவிட்டால் செயினை மாற்றலாம். 12⅛ வரை விட்டால் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஹப், பெடல், முன்குழாய் மூன்றையும் பிரித்து ஓவராயில் செய்து புது கிரீஸ் வைப்பது வழக்கமான முறை. ஏரிக் கலங்கல் நீரில் அச்சு முழுக இறக்கிய வண்டிக்கு அதே வாரத்தில் செய்ய வேண்டும்.