வாக்கா, புரட்சியா: கொம்யூன் இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகள், எந்தப் பாடத்தை எடுப்பது என்பதைத் தங்கள் சுபாவத்தைக் கொண்டு தீர்மானிக்காமல், அந்த வருஷத்து மோஸ்தரையோ தகப்பனாரின் வற்புறுத்தலையோ கொண்டு தீர்மானித்து, பிறகு மனம் வருந்துவதை, புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் (பஞ்சாயத்துப் பகுதிகளில்) ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அதே பிள்ளைகள் வயது நிறைந்து பிரஜைகளாகும்போது, சர்க்காரைத் திருத்துவது எவ்வாறு என்ற பெரிய கேள்விக்கும் அதே முறையிலேயே விடை தேடுகிறார்கள். ஒருவன், தன் வீட்டார் எந்தச் சின்னத்துக்குப் போடுகிறார்களோ அதற்கே கண்ணை மூடிக்கொண்டு போடுகிறான். இன்னொருவன், கைபேசியில் நாலு ஆவேசப் பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு, தேர்தல் என்பதே ஏமாற்று, புரட்சி ஒன்றுதான் மார்க்கம் என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்புச் சொல்கிறான். இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வாக்கைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. 6ஆம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் பட்டியலில் பெயர் ஏறும். முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள், இப்போது ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளும் சேர்ந்து நான்காகியிருக்கின்றன. நம் சட்டசபைக்கு மக்கள் அனுப்பும் உறுப்பினர் 30 பேர். ஒரு பெரிய கிராமம் ஒருமனப்பட்டால் முடிவே மாறக்கூடிய அளவுக்குத் தொகுதிகள் சிறியவை. வாக்கு களவு போகும் என்பதையும் மறைக்க வேண்டாம். 1948 அக்டோபரில் பிரெஞ்சிந்தியாவில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் அடியாட்களின் ராஜ்யமே நடந்தது. 1951இல் வந்து பார்த்த நடுநிலைப் பார்வையாளர்கள், சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற நிலைமை இங்கே இல்லையென்று அறிக்கை கொடுத்தார்கள். அன்று தடி செய்த வேலையை இன்று பணம் செய்கிறது. வாக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டவர், ஐந்து வருஷத்துக்குக் கேள்வி கேட்கும் தைரியத்தையும் கூடவே கொடுத்துவிடுகிறார்.

புரட்சி என்ற பாதையோ, தன் தகுதிக்கு மீறிய கீர்த்தியைப் பெற்றிருப்பது. அதனால் அதைக் குறித்து நீளமாகவே எச்சரிக்க விரும்புகிறேன். பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை 14 விழாவை இன்றளவும் கண்டுவரும் ஊர் நம்முடையது. 1789இல் பாஸ்தில் சிறை வீழ்ந்தபோது சமத்துவமும் சகோதரத்துவமும் பிறந்ததென்று உலகம் ஆரவாரித்தது மெய்யே. ஆனால் ஆயிரக்கணக்கான தலைகள் கில்லட்டினில் உருண்ட பிற்பாடு, பதினைந்தே ஆண்டுகளில், 1804இல், நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொண்டான். அதற்கும் பத்தாண்டு கழித்து, விரட்டப்பட்ட பூர்போன் வம்சமே சிங்காசனத்துக்குத் திரும்பி வந்தது. அரசனை நீக்கும் பொருட்டு இரத்தம் சிந்திய ஜனங்கள், ஒரு தலைமுறைக்குள் இரண்டு விதமான முடியாட்சிகளைச் சுமக்க நேர்ந்தது.

தூரதேசத்துக் கதை என்பீர்களானால் அருகிலேயே பாருங்கள். வ.வே.சு. ஐயரிடம் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் மாண்டான். அவனுடைய தியாக புத்தியை நான் குறைத்துப் பேசவில்லை; ஆனால் ஆங்கில ராஜ்யம் அதனால் அசையவில்லை; இங்கே அடைக்கலம் புகுந்திருந்த பாரதியைச் சுற்றியும் ஐயரைச் சுற்றியும் ஒற்றர் காவல்தான் பலப்பட்டது. இலங்கையில் 1971 ஏப்ரலில், படித்தும் வேலை கிட்டாத சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் போலீஸ் நிலையங்களைத் தாக்கிச் சில வாரங்களில் ஆட்சியைப் பிடித்துவிடலாம் என்று கிளம்பினார்கள், ஆயிரக்கணக்கில் அவர்களே மடிந்தார்கள், ஆட்சி கைமாறவில்லை, அவசரகாலச் சட்டம் 1977 வரை நாட்டின் கழுத்தில் கிடந்தது. ஒரு மகனை அப்படி இழந்த தாயிடம் போய்ப் புரட்சியின் தத்துவத்தை விளக்க எவருக்கு நா எழும்?

இன்னும் ஒன்று கவனியுங்கள். ஆயுதத்தை எடுத்துப் பார்த்தவர்களே அதைக் கீழே வைத்துவிட்டு வாக்குக் கேட்க வந்திருக்கிறார்கள். தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நிஜாமையும் நிலச்சுவான்தார்களையும் பிற்பாடு இந்திய ராணுவத்தையும் எதிர்த்து நடந்த ஆயுதப் போராட்டம் கைவிடப்பட்ட உடனேயே வந்த முதல் பொதுத் தேர்தலில், அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ரவி நாராயண் ரெட்டி, நல்கொண்டாவில் நின்று, பிரதமர் நேருவைக் காட்டிலும் அதிக வாக்குகள் பெற்று வென்றார். நம்முடைய வ. சுப்பையாவும் போராட்டக் களத்திலிருந்து வாக்கின் பாதைக்கு வந்தவரே. 1936 ஜூலை 30இல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுப் போலீஸின் துப்பாக்கிக்கு இரையான வேலைநிறுத்தத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் மறு வருஷம் சட்டமாக வந்தது பேச்சுவார்த்தையாலும் அப்பன்னிருவரின் உயிர்ப்பலி எழுப்பிய மனச்சாட்சியாலும். அதே சுப்பையா 1969இல் அமைந்த மந்திரிசபையில் மந்திரியாகி ஜனங்களுக்குப் பணி செய்தார்.

நெட்டப்பாக்கத்தைச் சொல்லி என்னை மடக்கும் மாணவர்கள் உண்டு. 1954 மார்ச் 31இல் பிரெஞ்சிந்திய அரசியல் தலைவர் குபேரும் அவருடைய சகாக்களும் நெட்டப்பாக்கத்தில் கொடியேற்றித் தற்காலிக அரசாங்கம் அமைத்தது புரட்சியல்லவா என்பார்கள். கொடியேற்றியவர்கள் யார் என்று பாருங்கள்: வாக்குப் பெற்று நகராட்சிகளில் அமர்ந்திருந்தவர்கள், மார்ச் 18இல் இந்தியாவோடு உடனே இணைய வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றிய பிறகு களம் இறங்கியவர்கள், நாற்புறமும் சுதந்திர இந்தியா சூழ்ந்திருந்த பலத்தில் நின்றவர்கள். அந்த எழுச்சியும் எங்கே போய் முடிந்தது? வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், அவ்வாண்டு அக்டோபர் 18இல், பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்த இடத்தில் முடிந்தது. இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது; பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டபூர்வமாக எல்லாம் நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16இல். கீழூர் நினைவு மண்டபத்துக்கு ஒரு நாள் சைக்கிளிலேயே போய்வரலாம். புரட்சியைப் பற்றிப் பேசும் முன் அங்கே போய்வருவது நல்லது.

ஆகவே என் தீர்ப்பு எந்தப் பக்கம் என்பது வெளிப்படை. ஏரிக்கரையை ஒரே இரவில் வெட்டிவிடலாம், வெட்டிய நீர் தன் வயல் எது என்று பார்த்துப் பாயாது. மதகைத் திறந்து நீர் பங்கிடுவதற்கோ தினமும் ஆள் நிற்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விரலில் மை வைத்துக்கொள்வதோடு கடமை தீர்ந்தது என்று இருப்பவர் அந்த மதகைத் திறக்கவே இல்லை. பங்காரு வாய்க்கால் தூர்ந்து பாகூர் ஏரிக்கு நீர் வராத வருஷங்களில், மனுவைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு அலுவலகம் நடந்தவர்களோடு நானும் நடந்திருக்கிறேன். உரத்துப் பேசியவர்கள் இரண்டாம் மாதமே கலைந்துபோனார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர், வாய்க்காலின் அளவு அறிந்தவர், அதிகாரியிடம் பணிவாகவும் விடாமலும் பேசத் தெரிந்த ஒரு பெரியம்மா, இவர்களே கடைசி வரை நின்று காரியத்தை முடித்தார்கள்.

எனவே உங்கள் சுபாவத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். எழுத்துத் திறமை உள்ளவர் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேள்வி எழுதுங்கள்; சட்டம் படிப்பவர் நீதிமன்றத்தை நாடுங்கள்; ஜனங்களோடு பழகும் குணமுடையவர் தேர்தலில் நில்லுங்கள். எதைச் செய்தாலும் பொறுமை வேண்டும். நம் கொம்யூன்களின் கதையே இதற்குச் சாட்சி. 1968க்குப் பிறகு நம் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் வந்தும் நடக்கவில்லை. வழக்குத் தொடுத்துத் தொடுத்து, 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அத்தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலனாக உட்கார்ந்திருந்த நான், அதற்கு முன் கூட்டத்தில் வாயே திறந்திராத பெண்கள் வேட்பாளர்களாக வந்து தங்கள் தெருக்குழாயைப் பற்றி உரிமையோடு பேசியதைக் கேட்டேன். 2011இல் அவர்களுடைய பதவிக்காலம் முடிந்தது. 2021இல் மறுபடி அறிவிக்கப்பட்ட தேர்தலும் வழக்குகளில் சிக்கி நின்றுபோயிற்று. பத்தாண்டுகளுக்கு மேலாக வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர்கள் நடத்திவருகிறார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் கேட்பதற்கு நாம் தேர்ந்தெடுத்த ஒரு முகம் நம் ஊரில் இல்லை.

வாக்கினால் ஒன்றும் நடக்காது என்று சொல்லும் தம்பிமார்களே, தங்கைமார்களே, நம் வீட்டுக்கு மிக அருகில் இருக்கவேண்டிய வாக்கு நமக்குக் கொடுக்கப்படாமலே இருக்கிறது. இந்த மாதமே பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டசபைக்கு வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சியாயினும் சரி, கொம்யூன் தேர்தலை எப்போது நடத்துவீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லாதவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.