மலையகத்துக்குச் சாமிகள் வந்த வழி

மதம் பரவுவதற்கு இரண்டே வழிதான், ஒன்று ராஜாவின் ஆணை, இன்னொன்று போதகரின் வாய் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நம் மனதில் பதிந்துவிட்டது. அசோகர் மகிந்தரை அனுப்பினார், போர்த்துக்கேயர் சிலுவையோடு கப்பலில் வந்தார்கள் என்று படித்து வளர்ந்தோம். இந்தக் கணக்கு நுவரெலியா மாவட்டத்தில் பொருந்தவே பொருந்தாது. 2012 குடிசன மதிப்பீட்டில், வடக்கு கிழக்குக்கு வெளியே இந்துக்கள் பாதிக்கு மேல் இருந்த ஒரே மாவட்டம் அதுதான். ஏறத்தாழ 51 வீதம் இந்துக்கள், 39 வீதம் பௌத்தர்கள். எந்த இந்து அரசனும் அந்த மலையைப் பிடித்து மக்களை மாற்றியதில்லை. எந்த மடமும் அங்கே ஆள் அனுப்பிச் சமயம் பரப்பியதுமில்லை. கூலிக்கு வந்த குடும்பங்களின் தலைச்சுமையோடு வந்த சமயம் அது.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்தே திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். படகில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழி நடை. வழியில் தண்ணீர் இல்லை, காய்ச்சல் உண்டு, வாந்திபேதி உண்டு, அம்மை உண்டு. விழுந்தவர்களை விட்டுவிட்டுத்தான் கூட்டம் நகர்ந்தது. அந்தப் பாதை காடு கடந்து மலையைத் தொடும் இடத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அம்மையையும் வாந்திபேதியையும் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் முதலில் யாரைக் கும்பிடுவார்கள்? இன்று மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் கோயில் அது. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மீண்டும் நடந்தவர்களும் மாத்தளையில்தான் நடையை முடித்தார்கள்.

‘தோட்டத்துச் சாமிகளெல்லாம் ஊர்ச் சாமிகளின் நகல்’ என்றும் ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. மதுரைவீரன், முனியாண்டி, கருப்பசாமி, சுடலைமாடன் எல்லோரும் அந்தந்த ஊர்க்காரரோடு வந்தவர்கள்தான். ஆனால் இங்கே பிறந்த சாமிகளும் இருக்கிறார்கள். தேயிலை ஸ்டோரின் இயந்திரச் சக்கரங்களுக்குக் காவலாக ரோதமுனி நிற்கிறார். கை சிக்கினால் கை போகும் இடம் அது; அங்கே ஒரு காவல் தெய்வம் தேவைப்பட்டது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்கு ஒரு கவ்வாத்துச் சாமி உண்டு. கத்தியை வைத்துத் தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பிறகே முதல் செடியில் வெட்டு விழும். இந்த இரண்டு சாமிகளும் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ கிடையாது. தஞ்சையிலிருந்து வந்த காமன் கூத்தோ, மாசி மாதத்தில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) முற்றத்தில் காமன் நட்டுத் தப்பு அடித்து ஆடப்படுகிறது. வருடத் திருவிழாச் செலவுக்கு ஒவ்வொருவர் பங்கும் செக்ரோல் என்ற பதிவேட்டிலேயே சம்பளத்தில் வெட்டப்பட்டது. துரை அனுமதித்தார், கங்காணி முன்னின்றார், கரகம் பாலித்தது தொழிலாளி. கோயில் உள்ள தோட்டத்தில் ஆள் தங்கும் என்பது துரைக்கும் தெரிந்திருந்தது.

இதே கதைதான் மொரிசியஸின் கரும்புத் தோட்டத்திலும், ரீயூனியனிலும், நேட்டாலிலும், பிஜியிலும், மலாயாவின் ரப்பர்க் காட்டிலும் நடந்தது. இந்து சமயம் மக்களை மதம் மாற்றிப் பரவுவதில்லை, ஆகவே அது இந்தியாவுக்குள்ளேயே நின்றுவிட்டது என்று சொல்பவர்கள் இந்தக் கப்பல்களை மறந்துவிடுகிறார்கள். மாற்றாமலேயே பரவியது, மக்கள் பரவியதால்.

அடுத்த நம்பிக்கை கொஞ்சம் கூர்மையானது: ‘வெள்ளைக்காரத் துரைமார் தொழிலாளரைக் கிறிஸ்தவராக்கினார்கள்.’ முயற்சி நடந்தது உண்மை. 1854இல் தோட்டத் தமிழருக்கென்றே ஒரு அங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள், பல துரைமார் பணம் கொடுத்தார்கள். ஏறக்குறைய 160 வருடம் கழித்து 2012இல் நுவரெலியா மாவட்டத்தில் கிறிஸ்தவர் எல்லோரையும் சேர்த்தாலும் 7 வீதத்தை ஒட்டித்தான். அதிலும் பெரும்பகுதி கத்தோலிக்கர். அவர்களில் பல குடும்பங்கள் தமிழ்நாட்டை விட்டுப் புறப்படும்போதே கத்தோலிக்கர்கள். அந்தோனியாரைக் கையோடு கொண்டு வந்தவர்கள். துரைமாருக்கு வேண்டியது கொழுந்து. தங்கள் ஆன்மாவுக்கு நுவரெலியாவில் 1852இல் ஹோலி டிரினிட்டி ஆலயத்தையும், டிக்கோயாவில் 1878இல் வார்லி ஆலயத்தையும் கட்டிக்கொண்டார்கள்.

கிறிஸ்தவம் ஆங்கிலேயரோடுதான் மலையேறியது என்பதும் தவறு. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற குருவானவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். பின்னர் கண்டிக்குப் போனார், ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவியபோது நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியை ஆங்கிலேயர் பிடித்தது 1815இல். அதற்கு நூறு வருடம் முன்பே அங்கே பூசை வைத்தவர் ஓர் இந்தியர், அவருக்கு இடம் கொடுத்தவர் ஒரு பௌத்த அரசர்.

‘தமிழர் என்றால் இந்து, சிங்களவர் என்றால் பௌத்தர்’ என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீர்கொழும்புக் கரையின் சிங்களக் கத்தோலிக்கர் ஒரு பதில். சோழர் காலத்திலும் பௌத்த விகாரை நின்ற நாகப்பட்டினம் இன்னொரு பதில். மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியை ஆண்டபோதுதான், 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து இலங்கையின் உபசம்பதா என்ற பிக்கு தீட்சை மரபு மீட்கப்பட்டது. மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்களில் ஒருவர் சிவனின் பாதம் என்பார், ஒருவர் புத்தரின் பாதம் என்பார், ஒருவர் ஆதமின் பாதம் என்பார். இபன் பதூதா 1344இல் அங்கே ஏறியபோதும் நிலைமை இதுதான்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். 1946இல் இலங்கை மக்களில் இந்துக்கள் 19.8 வீதம். 1971இல் 17.6. 1981இல் 15.5. 2012இல் 12.6. இந்த இறங்குமுகத்தைக் காட்டி, ‘பார்த்தீர்களா, எல்லோரும் மதம் மாறிப் போய்விட்டார்கள்’ என்று மேடைகளில் பேசப்படுகிறது. கேட்பவர்களுக்குப் பக்கத்து லயத்தில் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் குடும்பம் நினைவுக்கு வரும், கோபமும் வரும்.

கணக்கைப் பார்ப்போம். மக்கள் கிறிஸ்தவத்துக்கு மாறித்தான் இந்து வீதம் குறைந்தது என்றால் கிறிஸ்தவர் வீதம் ஏறியிருக்க வேண்டும். அது 1946இல் 9.1, 2012இல் 7.6. அதுவும் இறங்கித்தான் இருக்கிறது. கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர் பங்கு 1981இல் 0.7 வீதமாக இருந்து 2012இல் 1.4 ஆனது உண்மை. தோட்டங்களில் பெந்தகோஸ்தே சபைகள் பெருகியிருப்பதைக் கண்ணுள்ள யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் 0.7 புள்ளி உயர்வு 7.2 புள்ளி இறக்கத்துக்குக் காரணமாக முடியாது.

காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கை, இந்திய அரசுகள் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு ஆட்கள் போகவில்லை என்றாலும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். 1983க்குப் பிறகு வடக்கு கிழக்கிலிருந்து லட்சக்கணக்கான தமிழர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். இத்தனைக்கும் பிறகு இந்துக்களின் எண்ணிக்கை 1946இல் இருந்த 13 லட்சத்திலிருந்து 2012இல் 25 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. குறைந்தது நாட்டு மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கு. அதைக் குறைத்தது இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்தும் ஒரு போரும். ஜெபக்கூட்டத்துக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா மீது அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

கப்பலேறியவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போயின. அங்கே அவர்களுக்குப் பெயர் ‘சிலோன்காரர்’. மாரியம்மனையும் அந்தோனியாரையும் மாதாவையும் கும்பிட்டவர்கள் எல்லோரும் அவர்களில் உண்டு. ஒப்பந்தம் போட்டவர்கள் யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை. இலங்கை வரைபடத்தில் குறைந்த அந்த வீதத்தைத் தேடுகிறவர்கள் முதலில் நீலகிரியில் தேடட்டும்.