கருவிகளில் ஏறிய காந்தத்தை நீக்கும் விதம்

கைத்தொழிலாளரின் அரம், உளி, துளையூசி, திருப்புளி, சாமணம் முதலிய எஃகுக் கருவிகளில் சில சமயம் காந்தம் ஏறிவிடுவதுண்டு. ஒலிபெருக்கி, டைனமோ முதலியவற்றிலுள்ள காந்தத்தின் அருகே நெடுநேரம் கிடந்த கருவிக்கு இது நேரிடும். திருகாணியைப் பற்றி எடுக்கும் திருப்புளிக்குக் காந்தம் அனுகூலமே. மற்றவைகளுக்கோ பெரும்பாலும் பிரதிகூலமாகும். அரத்தின் பற்களிடையே இரும்புத்தூள் அடைந்து அராவும் திறன் குன்றும். யந்திரத்தின் பேரிங்கில் காந்தம் ஏறினால், பொடி ஒட்டிக்கொண்டு தேய்மானத்தை அதிகரிக்கும். கைக்கடிகாரத்தின் மயிரிழைச் சுருள்வில் எஃகினாலானதாயின், அதன் சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடிகாரம் விரைந்தோடும்.

காந்தம் ஏறுவதன் காரணம் யாது? எஃகினுள் மிகச் சிறிய பகுதிகள் பல உண்டு; ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போன்றது. சாதாரணமாக அவை பல திசைகளை நோக்கியிருப்பதால், ஒன்றன் சக்தியை மற்றொன்று அழித்துவிடும். வெளிக்காந்தம் அவைகளை ஒரே திசையில் நிறுத்துகிறது. தேனிரும்பில் இந்த ஒழுங்கு எளிதிற் கலையும். கடினமான எஃகில் நிலைத்துவிடும். அவ்வொழுங்கைக் கலைத்தலே காந்தத்தை நீக்குதலாகும்.

முதலில் சோதனை செய்தல் வேண்டும். கருவியின் ஒரு முனையைத் திசை காட்டும் காந்த ஊசியின் இரு நுனிகளுக்கும் முறையே காட்டுக. சாதாரண இரும்பு இரண்டையும் இழுக்கும். ஒரு நுனியைத் தள்ளுமாயின் கருவியில் காந்தம் ஏறியிருப்பது உறுதி.

காந்தத்தைக் கலைக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது காய்ச்சுதல். இரும்பு 770 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை அடைந்ததும் காந்தத்தை இழக்கிறது. இத்தகைய உஷ்ண எல்லையைப் பற்றி 1895-ல் ஆராய்ந்த பியேர் கியூரி என்னும் பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் அது வழங்குகிறது. ஆனால் சாதாரணக் கரி எஃகுக் கருவியின் துவைச்சல் ஏறக்குறைய 200 டிகிரியிலேயே தளரத் தொடங்கும். கடன் பெற்று வாங்கிய நல்ல உளியை உலையிலிட்டால் காந்தத்தோடு கூர்மையும் போய்விடும். ஆகையால் துவைச்சல் ஏற்றிய கருவிக்கு இவ்வழி கூடாது.

இரண்டாவது தட்டுதல். வடக்குத் தெற்காக வைத்துத் தட்டிய இரும்பு பூமியின் சக்தியால் காந்தமாகும் என்று வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கிலேயர் 1600-ல் வெளியிட்ட நூலிற் காட்டினார். ஆதலால் கிழக்கு மேற்காக வைத்தே தட்ட வேண்டும். இதனால் காந்தம் முழுவதும் நீங்காது, குறையும் அவ்வளவே. அரம் முதலியன உடைந்துபோகக் கூடுமாதலால் அவைகளைத் தட்டலாகாது.

மூன்றாவதே சிறந்தது, அது மாறு மின்சாரத்தினால் நீக்குதல். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. காந்தநீக்கிக் கருவியின் சுருளுக்குள் எஃகை நுழைத்தால், அதன் காந்தமும் அவ்வாறே முன்னும் பின்னும் புரளும். பின்னர், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கருவியை மெதுவாக இரண்டடி தூரத்திற்கு இழுத்துவிட வேண்டும். தூரம் கூடக் கூடப் புரட்டும் சக்தி குறைந்து, காந்தமும் சிறிது சிறிதாகத் தேய்ந்து ஒழியும். இங்கே ஒன்றை மறக்கலாகாது: கருவி சுருளுக்குள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்தினால், அந்தக் கணத்திலிருந்த காந்தம் அப்படியே தங்கிவிடும். பலர் செய்யும் பிழை இதுவே.

காந்தநீக்கி இல்லாத இடத்தில், வலுவான காந்தம் ஒன்றைக் கைத்துரப்பணத்தில் உறுதியாகப் பொருத்திச் சுழற்றலாம். சுழலும் காந்தத்தின் அருகே எஃகைப் பிடித்து, சுழற்சி நிற்குமுன் மெல்ல அப்பால் கொண்டு போனால் அதே பலன் உண்டாகும்.

சில எச்சரிக்கைகள்: வீட்டில் சுற்றிய கம்பிச்சுருளை நேரே மின்சாரத்தில் இணைப்பது உயிருக்கே ஆபத்து. காந்தநீக்கியை நெடுநேரம் ஓடவிட்டால் அதிகமாகச் சூடேறும். இருதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர் அருகே வரலாகாது. டைனமோவின் நிலைக்காந்தத்தையும் திசைகாட்டியின் ஊசியையும் அதனருகே கொண்டு செல்லலாகாது. அவைகளுக்குக் காந்தமே உயிர்.

ஒரு தொழிலாளி தனித்து வாங்கத் தயங்கும் காந்தநீக்கியைச் சங்கத்தின் பொதுவுடைமையாக வாங்கி வைத்தால், அங்கத்தினர் அனைவரும் முறை வைத்து உபயோகிக்கலாம். உலையில் வீணாகும் ஓர் உளி மிச்சமானாலும் அது லாபமே.