ஒளியால் எழுதிய தெரு

நுழையும்முன்

பெயர்ப்பலகையைப் படிப்பவர் அதை உடனே மறந்துவிடுகிறார். அதன் எழுத்தையும், அதைத் தாங்கி நிற்கும் கட்டடத்தையும் நின்று நோக்குவோர் அரியர். அரை நூற்றாண்டு கடந்த ஒரு கடைப்பலகை வரலாற்றுச் சான்றாகுமா?

சவ்வாது மலையடிவாரத்தில், சேயாற்றங்கரையில் அமைந்த ஊர் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா எனப்பட்ட இவ்வூரின் தலைவன் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் நூல் மலைபடுகடாம். வழியில் பெயர் பொறித்த நடுகற்கள் நிற்பதை அந்நூல் கூறுகிறது. பாதை பிரியும் இடத்தில், பின்வருவோர் அறியும்படி புல்லை முடிந்து வைக்குமாறும் கூறுகிறது. ஒன்று காலங்கடந்து நிற்க எழுதிய அடையாளம். மற்றொன்று அன்றைய தேவைக்கு இட்ட அடையாளம். புல்முடிச்சு எதுவும் எஞ்சவில்லை; நூலில் இடம்பெற்றதால் மட்டுமே அவ்வழக்கம் இன்று தெரிகிறது.

செங்கம் வட்டாரத்து நடுகற்களும் நெடுங்காலம் வயல்வெளிகளில் கவனிப்பாரற்றுக் கிடந்தவையே. 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலை வெளியிட்டது. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் பெயர்கள் அதன்வழி அறிஞருலகை எட்டின.

அதே 1972இல் அமெரிக்காவிலும் ஒரு நூல் வெளிவந்தது. இராபர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் என்னும் மூவர், சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸின் விளம்பரப் பலகைகளையும் கட்டடங்களையும் அதில் ஆராய்ந்திருந்தனர். 1968இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களை அழைத்துச் சென்று, பாழடைந்த கோயிலை அளப்பதுபோல அத்தெருவை அளந்து வரைந்தனர். கற்றோர் பலர் முகஞ்சுளித்த தெரு அது.

புதியது என்னும் பெயர்

அப்பலகைகளுக்கு ஒளி தந்த நியான், காற்றில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 18 பங்கே உள்ளது. 1898இல் இலண்டனில் வில்லியம் இராம்சேயும் மோரிஸ் டிராவர்சும் அதனைக் கண்டறிந்தனர். ‘புதியது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது. இவர்களுள் டிராவர்ஸ் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். 1910இல் பாரிசு நகரத்து மோட்டார் வண்டிக் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாடு என்பவர் நியான் குழாய்களை ஒளிரச் செய்தார்.

நியான் பலகை கைத்தொழிலின் விளைவு. கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் இளக்கி, தாளில் வரைந்த எழுத்தின்மேல் வைத்து வளைப்பர். குழாய் நசுங்காதிருக்க, வளைக்கும்போதே ஒரு முனையில் வாயால் மெல்ல ஊதுவர். பின்னர் உள்ளிருக்கும் காற்றை அகற்றி, சிறிதளவு நியானை நிரப்பி, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் செலுத்தினால் செம்மஞ்சள் ஒளி பிறக்கும். நீல ஒளிக்கு ஆர்கானும் சிறிது பாதரசமும் தேவை. கண்ணாடி ஆறுமுன் வளைவு முடிந்தாக வேண்டும். அதனால், ஒருவர் வளைத்த ‘அ’ போல மற்றொருவரின் ‘அ’ அமைவதில்லை.

பாலைவனத்தில் ஒரு நகரம்

லாஸ் வேகாஸ் அமைந்த நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டப்படி ஏற்றது. பின்னர் ஹூவர் அணையின் மின்சாரமும் கிடைத்தது. மகிழுந்தில் விரைவோரின் கண்ணை ஈர்க்கப் பலகைகள் வானளாவ உயர்ந்தன. அவற்றின் பின்னே கட்டடங்கள் தாழ்ந்து நின்றன. தெருவை ஆளுவது கட்டடமன்று, எழுத்தே என்று அம்மூவர் கூறியதன் காரணம் இதுதான். நகரின் நுழைவாயிலில் நிற்கும் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையை 1959இல் வடிவமைத்தவர் பெட்டி வில்லிஸ் என்னும் பெண். அவ்வடிவத்திற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இன்று அது சாவிக்கொத்துகளில்கூடத் தொங்குகிறது.

அந்நகரம் தன் பழமையைத் தானே இடித்தது. டூன்ஸ் விடுதி 1993இலும், ஸ்டார்டஸ்ட் விடுதி 2007இலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. கழற்றிய பலகைகள் செய்தவர்களின் கிடங்குகளில் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைக் காக்க 1996இல் நியான் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. அதன் வரவேற்புக்கூடமும் மீட்கப்பட்ட பொருளே. பால் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர் 1961இல் சிப்பிவடிவில் அமைத்த லா கோஞ்சா விடுதியின் முகப்பு, இடிபடும் நிலையில் துண்டுகளாக அறுக்கப்பட்டு, இடம்பெயர்த்துப் பொருத்தப்பட்டது.

அண்ணா சாலையில்

பெட்டி வில்லிஸின் பலகை எழுந்த 1959இல்தான் சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடமும் திறக்கப்பட்டது. மு.சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்திற்காகத் தொடங்கிய பணி அது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் மாண்டார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. 177 அடி உயரத்தில் முடிந்த அக்கட்டடம் அன்று நாட்டிலேயே உயரமானது. பட்டணம் வந்திறங்கும் நாயகனின் கண்வழியே திரைப்படங்கள் அதைக் காட்டிக்கொண்டே இருந்தன. சென்னைக்கு ஒருமுறையும் வராதவர்க்கும் அது பழகிய முகமாயிற்று. 1975இன் பெருந்தீயையும் அது தாங்கி நின்றது. 2023இல் உச்சியிலிருந்த ஒளிப்பலகை தீப்பற்றியபோது, சாலையில் சென்றோர் நின்று அண்ணாந்து நோக்கினர்.

அதே சாலையில் 1964இல் எழுந்த சபையர் திரையரங்கு வளாகத்திற்கு அப்பேறு கிட்டவில்லை. முப்பதாண்டுகளில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. (சாலையை ஒட்டிக் கேசினோ என்னும் திரையரங்கும் உண்டு, அங்குச் சூதாட்டம் திரையில் மட்டுமே.) கோயிலும் கோட்டையும் பழமை என்பதில் ஐயம் கொள்வார் இலர். தாத்தா திரைப்படம் பார்த்த கட்டடத்தைப் பழமை என்று ஏற்கத்தான் மனம் தயங்குகிறது. அத்தயக்கத்திற்குள் அது மறைந்துவிடுகிறது. எல்.இ.டி. விளக்கு வந்தபின் கண்ணாடி வளைக்கும் கைகளுக்கும் வேலை அருகியது.

எழுத்து காட்டும் காலம்

நடுகல்லில் ஆண்டுக் குறிப்பு இல்லாதபோது எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தைக் கணிப்பர். தமிழகத்துப் பெயர்ப்பலகைக்கும் அம்முறை பொருந்தும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. அதற்குமுன் ‘லை’ யானைத் துதிக்கை போன்ற வளைவை முன்னே தாங்கி நின்றது. ‘ணா’ தன் காலைத் தனியே பெறாமல் உடலோடு சுழித்து முடிந்தது. ‘அண்ணா சாலை’ என்னும் பெயரிலேயே இவ்விரண்டும் உண்டு. ஒரு விடுதியின் பலகையில் பழைய ‘லை’ காணப்பட்டால், அது 1978க்கு முற்பட்டதாகலாம். பழைய வழக்கை விடாத ஓவியர் பின்னாளில் எழுதியதாகவும் இருக்கலாம். எது என்று முடிவுசெய்யக் கடை திறந்த ஆண்டு, எழுதியவர் பெயர், கட்டடத்தின் வயது ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர் பெரும்பாலும் அக்கடையின் கல்லாவிலேயே அமர்ந்திருக்கிறார்.