காய்ச்சல் நாளில் எடுத்த ரத்தம்

தம்பி,

நம் டாக்டர்கள் சங்க மலரில் உன் கட்டுரையைப் படித்தேன். ஹெபடைட்டிஸ் பி உள்ள ஆம்பூர் டேனரித் தொழிலாளி, ரத்தத்தை வைத்து ஈரல் தழும்பைக் கணிக்கும் ஏப்ரி மதிப்பு 3.75, எனவே ஈரல் சுருக்கம், ஆயுள் முழுக்க மருந்து. ரத்தம் எடுத்தது நவம்பரில். வந்தபோது ஐந்து நாள் காய்ச்சல் என்று நீயே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியை அங்கேயே அம்போவென்று விட்டுவிட்டாய். அதில்தான் எனக்கு எரிச்சல்.

நவம்பரில் நம் பக்கம் ஐந்து நாள் காய்ச்சல் என்றால் டெங்கு நினைவுக்கு வர வேண்டாமா? டெங்குவில் ஈரல் நொதியான எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், தட்டணு இறங்கும். ஏப்ரி என்ற பின்னத்தில் எஸ்.ஜி.ஓ.டி. மேலே, தட்டணு கீழே. உன் நோயாளிக்கு எஸ்.ஜி.ஓ.டி. 120, தட்டணு 80,000. எஸ்.ஜி.ஓ.டி.யின் இயல்பு மேல்வரம்பு 40 என்றால் 3.75 சரிதான். காய்ச்சல் விட்டு ஆறு வாரம் கழித்து அதே மனிதருக்கு 44, 2,20,000 என்று வந்தால் விடை 0.5. ஆறு வாரத்தில் எந்தத் தழும்பு கரைகிறது?

ஈரல் சுருக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் வைத்த ஏப்ரி எல்லை 2. 2024இல் அதை 1 ஆக்கிவிட்டது. நிறையப் பேருக்கு மருந்து கிடைக்கட்டும் என்று செய்தது, நல்லதுதான். ஆனால் காய்ச்சல்காரன் இனி இன்னும் சுலபமாக அந்தப் பட்டியலில் ஏறிவிடுவான்.

தட்டணு குறைவு என்று இயந்திரம் சொன்னால் ரத்தத்தை ஸ்லைடில் தடவி, ஸ்மியர் போட்டு நீயே பார். ஊதா மூடிக் குழாயில் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்தை எண்ணாது. எண்பதாயிரம் என்ற அச்சுத் தாளை நம்பும் நீ, ஒரு கண்ணாடி ஸ்லைடைப் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்க மாட்டாயா? இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனிலும் 14 கிலோபாஸ்கல் வந்ததே என்பாய். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? கட்டுரையில் இல்லை. குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக வந்து படுப்பவருக்கு ஈரலின் ரத்த ஓட்டம் கூடி விறைப்பும் கூடும். இன்னொரு ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. எகிறியிருந்தாலும் அப்படியே.

எங்கள் காலத்தில் பயாப்ஸிதான். ஊசியில் வருவது ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு; அதற்குப் போய் எத்தனை பயம்! குத்தியபின் வலப்பக்கமாகப் படுக்கவைத்து, நாடியைப் பார்த்தபடி மணிக்கணக்கில் பக்கத்தில் இருப்போம். அப்போதுதான் பேச்சு வரும்: என்ன வேலை, எவ்வளவு குடி, யார் கொடுத்த பச்சிலை. 1988இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி-க்குக் கீழாநெல்லி பலன் தருவதாக லான்செட்டில் எழுதியபிறகு அந்தப் பேச்சுதான் எங்கும். பிந்தைய ஆய்வுகளில் அதே பலன் வரவில்லை. ஆனாலும் எங்கள் நோயாளிகள் அரைத்துக் குடிப்பதை விடவில்லை. பயாப்ஸி போனதில் வருத்தமில்லை. நோயாளியோடு பேசிய அந்தப் பேச்சும் சேர்ந்து போனதில்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஃபினிஷிங் பிரிவில் ஸ்பிரே அடிப்பவர், முகமூடி இல்லை, டைமெத்தில் ஃபார்மமைடு கலந்த பூச்சு என்று கேட்டு எழுதியிருக்கிறாயே, அபாரம்! அந்தக் கரைப்பான் ஈரலைத் தாக்கும். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை எத்தனை டாக்டர்கள் நோயாளியிடம் எந்தப் பிரிவில் வேலை என்று கேட்கிறார்கள்? உன் கட்டுரையின் அந்த ஐந்து வரிக்காகவே மலரை எடுத்து வைத்திருக்கிறேன். இவ்வளவு கேட்டவன் காய்ச்சலைத் துருவாமல் விட்டதுதான் தாங்கவில்லை.

அவரைத் திரும்ப வரச்சொல். வெறும் வயிற்றில் ஸ்கேன், புது ரத்தம், ஸ்மியர். வைரஸ் அளவும் பார். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், கைக்காசு போடவிடாதே. மருந்தை ஏற்கெனவே தொடங்கிவிட்டாய் என்றால், விடை வரும்வரை நிறுத்தாதே. திடீரென நிறுத்தினால் வைரஸ் சீறும். ஸ்லைடை எனக்கு அனுப்பு.